மெழுகுவர்த்தியிடம் கேள்வி கேட்டவர்: மைக்கேல் பாரடே



பரிசளிப்பு விழா என்றால் மேசை நிறையப் புத்தகங்களும் கிண்ணங்களும் அடுக்கி இருக்கும். பெயரைக் கூப்பிட்டதும் பிள்ளை மேடைக்கு ஓடும். கீழே உட்கார்ந்திருக்கும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பார்க்கப் பார்க்க மனம் நிறைகிறது.

ஆனால் இந்த மகிழ்ச்சிக்கு நடுவிலும் ஒரு பேச்சு நம் காதில் விழத்தான் செய்கிறது. பட்டணத்துப் பெரிய பள்ளிகளில் விஞ்ஞானக்கூடம் இருக்கு, கண்ணாடிக் குழாயும் கருவிகளும் இருக்கு, நம்ம பிள்ளைங்களுக்கு என்ன இருக்கு, விஞ்ஞானமெல்லாம் வசதியுள்ளவன் வீட்டுப் பிள்ளைக்குத்தான் சரிப்படும் என்கிறார்கள் சிலர். இப்படிப் பேசுகிற நாமே வீட்டில் என்ன செய்கிறோம்? பிள்ளை ஏன், எப்படி என்று நாலு கேள்வி கேட்டுவிட்டால், தொணதொணக்காதே, போய்ப் பாடத்தைப் படி என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

அதனால்தான் இந்த ஆண்டு மலரில் ஒரு கொல்லன் மகனுடைய கதையை உங்களுக்குச் சொல்ல வந்தேன். அவர் உயர்நிலைப் பள்ளியின் வாசலை மிதித்தவர் அல்லர். ஆனால் உலகத்துப் பள்ளிகளுக்கெல்லாம் விஞ்ஞானத்தை எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். அவர் கையில் எடுத்த பாடப்பொருள் ஒரு மெழுகுவர்த்தி. பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பாட்டி தாத்தா வீட்டில் இருந்தால், பிள்ளைகளே, அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கொல்லன் மகன்

லண்டன் நகரத்தின் ஓரத்தில் நியூவிங்டன் பட்ஸ் என்று ஓர் இடம். அங்கே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் மைக்கேல் பாரடே பிறந்தார். அப்பா ஜேம்ஸ், இரும்படிக்கும் கொல்லர். அம்மா மார்கரெட். நான்கு பிள்ளைகளில் மைக்கேல் மூன்றாவது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் அடிக்கடி வேலை நின்றுபோகும். கூலி நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும். இதை உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1801-ஆம் ஆண்டு விலைவாசி ஏறிக் கிடந்த காலத்தில், மைக்கேலின் பங்குக்கு வாரம் ஒரு ரொட்டிதான் கிடைத்ததாம். அவருக்கு அப்போது பத்து வயதுகூட நிறையவில்லை.

பள்ளிப் படிப்பென்று பார்த்தால் எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு. அவ்வளவுதான். 1804-இல், 13 வயதில், ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் செய்தித்தாளை விலைகொடுத்து வாங்க எல்லாராலும் முடியாது. கடைக்காரர் ஒரே தாளைப் பல வீடுகளுக்கு வாடகைக்குக் கொடுப்பார். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், திரும்ப வாங்கி வருவதும் மைக்கேலின் வேலை. ஓராண்டு பார்த்தார் முதலாளி. பையன் யோக்கியமானவன், சுறுசுறுப்பானவன் என்று தெரிந்தது. வழக்கமாக வாங்கும் பணத்தைக்கூட வாங்காமல், புத்தகம் கட்டும் தொழிலைக் கற்றுக்கொடுக்க ஏழாண்டுக்குச் சேர்த்துக்கொண்டார்.

கட்ட வந்த புத்தகங்கள்

புத்தகம் கட்டுகிறவர்களுக்கு அட்டையும் நூலும் பசையும்தான் கணக்கு. இந்தப் பையனோ வேலை முடிந்ததும் கட்ட வந்த புத்தகத்தையே படிக்க உட்கார்ந்துவிடுவான். கலைக்களஞ்சியம் ஒன்று கட்டுவதற்கு வந்தது. அதில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை அவனைப் பிடித்துக்கொண்டது.

இன்னொரு புத்தகமும் அவன் கைக்கு வந்தது. அதை எழுதியவர் ஜேன் மார்செட் என்ற அம்மையார். இரசாயனத்தைப் பற்றிய உரையாடல்கள் என்பது அதன் பொருள். ஓர் ஆசிரியை, இரண்டு பெண் பிள்ளைகள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், ஆசிரியை ஒரு பரிசோதனை செய்து காட்டுவார். பிள்ளைகள் விடாமல் அடுத்த கேள்வியைப் போடுவார்கள். புத்தகம் முழுவதும் இப்படித்தான் போகும். நன்றாகக் கவனியுங்கள்: பாரடேயை விஞ்ஞானத்துக்குள் கைப்பிடித்து அழைத்துப் போனது, கேள்வியும் பதிலுமாக ஒரு பெண்மணி எழுதிய புத்தகம்!

படித்தான், சரி. மனப்பாடம் செய்து ஒப்பித்தானா? அதுதான் இல்லை. அச்சில் வந்துவிட்டதே, உண்மையாகத்தானே இருக்கும் என்று அவன் விட்டுவிடவில்லை. கைச்செலவுக்குக் கிடைத்த சில்லறையில் மருந்துப் பொருள்களை வாங்கிவந்து, புத்தகத்தில் சொன்னது நடக்கிறதா என்று செய்து பார்த்தான். நடந்தது! அதற்குப் பிறகே அந்தப் புத்தகத்தின்மேல் அவனுக்கு நம்பிக்கை வந்தது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பின்னும் அந்த அம்மையாரை மறக்காமல், தன் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவருக்கு நன்றியோடு அனுப்பிவைத்தார் பாரடே.

1812-இல் அவர் செய்த ஒரு காரியத்தைக் கேளுங்கள். ஏழு அரைப்பென்னிச் செப்புக் காசுகள். அதே அளவில் வெட்டிய ஏழு துத்தநாகத் தகட்டு வில்லைகள். உப்புத் தண்ணீரில் நனைத்த காகிதத் துண்டுகள். இவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். முடிந்தது மின்கலம்! அதிலிருந்து வந்த மின்சாரத்தைப் பேதியுப்புக் கரைசலுக்குள் விட்டு, அந்த உப்பு பிரிவதைக் கண்ணால் பார்த்தார். ஆராய்ச்சிக்கூடம் எங்கே இருந்தது? புத்தகக் கடைக்காரனின் கையில் இருந்தது.

துணிந்து எழுதிய கடிதம்

லண்டனில் டேட்டம் என்பவர் தம் வீட்டில் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்திவந்தார். ஒரு நாள் கேட்க ஒரு ஷில்லிங். மைக்கேலிடம் ஏது ஷில்லிங்? அண்ணன் ராபர்ட் கொடுத்தார். அவரும் இரும்படிக்கிற தொழிலாளிதான். தான் படிக்காவிட்டாலும் தம்பி படிக்கட்டும் என்று கொடுக்கிற அண்ணன்மார் நம்மிலும் உண்டே! 1810-ஆம் ஆண்டு அப்பா இறந்துபோனார். அம்மா வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்துக் குடும்பத்தை ஓட்டினார்.

1812-இல் கடைக்கு வரும் ஒரு நல்ல மனிதர், புகழ்பெற்ற விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு கொடுத்தார. ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற கழகத்தில் நான்கு சொற்பொழிவுகள். பாரடே ஒரு சொல் விடாமல் குறிப்பெடுத்தார். வீட்டுக்கு வந்து தெளிவாக எழுதிப் படமும் வரைந்தார். 300 பக்கத்துக்கு மேல் வந்தது. தெரிந்த தொழில் இருக்கிறதே, தாமே அழகாகக் கட்டி அட்டை போட்டார்.

இதற்கு முன்பே ராயல் சொசைட்டி என்ற பெரிய விஞ்ஞானச் சங்கத்தின் தலைவருக்கு, எந்தச் சின்ன வேலையானாலும் தாருங்கள் என்று எழுதிப் பார்த்திருந்தார். பதில் கிடையாது. போனால் போகிறதென்று, 1812 டிசம்பரில் டேவிக்கு ஒரு கடிதம் எழுதி, கட்டிய புத்தகத்தையும் சேர்த்து அனுப்பினார்.

டேவி கூப்பிட்டுப் பேசினார். ஆனால் விஞ்ஞானத்தில் உழைப்பு அதிகம், வரும்படி குறைவு, கையில் இருக்கும் தொழிலை விடாதே என்றுதான் புத்தி சொன்னார். பெற்றவர்களாக இருந்தால் நாமும் அதைத்தான் சொல்லியிருப்போம். சில வாரங்கள் கழித்து ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஓர் உதவியாளர் இடம் காலியானது. 1813 மார்ச்சில் பாரடே அங்கே சேர்ந்தார். வாரம் 25 ஷில்லிங் சம்பளம். மாடியில் இரண்டு அறை. எரிக்கக் கரியும், வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தியும் இலவசம். புட்டி கழுவுவது, கருவிகளைத் தூக்கிவைப்பது, பெரியவர் பேசும்போது பக்கத்தில் நின்று உதவுவது, இவைதான் வேலை.

அந்த ஆண்டே டேவியோடு ஐரோப்பியப் பயணம் போனார். வோல்ட்டா, ஆம்பியர் போன்ற மேதைகளை நேரில் பார்த்தார். ஆனால் டேவியின் மனைவி அவரை வீட்டு வேலைக்காரனாகவே நடத்தினார். மனம் நொந்து, வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். என்றாலும் கற்றுக்கொள்ள வந்தவர் கற்றுக்கொண்டுதான் திரும்பினார்.

பத்தாண்டு பொறுமை

1820-இல் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி எர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டுபிடித்தார். அதைப் பற்றி எல்லாரும் எழுதியதைத் தொகுத்துத் தரும்படி ஒரு பத்திரிகை பாரடேயைக் கேட்டது. வேறொருவராக இருந்தால் நாலு கட்டுரையைப் பார்த்து ஐந்தாவது கட்டுரை எழுதியிருப்பார். பாரடே அந்தப் பரிசோதனைகளைத் தம் கையாலேயே திரும்பச் செய்து பார்த்தார். செய்யச் செய்யப் புதிய கேள்வி பிறந்தது. 1821 செப்டம்பரில், காந்தத்தைச் சுற்றி ஒரு கம்பி தானாகச் சுழலும்படி செய்துவிட்டார். உங்கள் வீட்டில் சுற்றும் காற்றாடிக்குள் இருக்கும் மோட்டாரின் முதல் தலைமுறை அதுதான்.

புகழோடு பழியும் வந்தது. இன்னொரு பெரிய விஞ்ஞானியின் எண்ணத்தை எடுத்துக்கொண்டதாகச் சிலர் பேசினார்கள். அந்த விஞ்ஞானியின் பெயரைக் கட்டுரையில் குறிப்பிடாமல் அவசரப்பட்டு அச்சுக்குக் கொடுத்தது பாரடேயின் பிழைதான். ஆனால் திருட்டு இல்லை. 1824-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியபோது, அதன் தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். ஏணியில் ஏற்றிவிட்ட கையே இழுக்கப் பார்த்தது! அப்படியும் டேவியைப் பற்றிப் பாரடே தரக்குறைவாகப் பேசியதில்லை.

காந்தத்திலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா? இந்தக் கேள்வி அவரைப் பத்தாண்டு விடவில்லை. 1831 ஆகஸ்டு 29-ஆம் நாள், ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு பக்கமும் கம்பியைச் சுற்றினார். ஒரு பக்கம் மின்சாரத்தை இணைத்தார். மறுபக்கத்து ஊசி ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டது. இணைப்பை எடுத்தபோது மறுபடியும் ஒரு துள்ளல். நடுவில் அசைவே இல்லை. அக்டோபர் 17-ஆம் நாள் கம்பிச் சுருளுக்குள் ஒரு காந்தத்தை நுழைத்தார். ஊசி அசைந்தது. வெளியே இழுத்தார். எதிர்ப்பக்கம் அசைந்தது. சும்மா வைத்திருந்தால் ஒன்றும் நடக்கவில்லை. காந்தம் நகர்ந்தால்தான் மின்சாரம்!

சைக்கிள் சக்கரத்தில் உரசி விளக்கெரிக்கும் டைனமோ தெரியுமல்லவா? அதுவும், நீராவியிலோ அருவித் தண்ணீரிலோ சுழலும் மின்நிலையத்து இயந்திரமும் இந்த ஒரே உண்மையில்தான் ஓடுகின்றன.

செய்ததையெல்லாம் அன்றன்றே எண் போட்டு எழுதிவைத்தார். அந்த எண்ணிக்கை 16,000-ஐத் தாண்டிவிட்டது. பலித்ததை மட்டுமா எழுதினார்? பலிக்காததையும் எழுதினார். 1862-இல் விளக்கொளியின் நிறக்கோடுகளைக் காந்தம் மாற்றுகிறதா என்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதிவைத்தார். 1896-இல் ஹாலந்து நாட்டு சீமன், இன்னும் நுட்பமான கருவியோடு அதையே செய்து, மாற்றத்தைக் கண்டுபிடித்து, 1902-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். ஒருவர் உண்மையாக எழுதிவைத்த தோல்வி, இன்னொருவருக்கு வழியாயிற்று. மாணவர்களே, செய்முறைப் பாடத்தில் விடை சரியாக வரவில்லை என்றால் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதாதீர்கள். வந்ததை எழுதுங்கள்.

ஒரு விஷயம் மறைக்கக்கூடாது. பாரடேக்குக் கணக்கு வராது. உயர்ந்த கணிதம் கற்க அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அவர் மனக்கண்ணால் கண்டதை மேக்ஸ்வெல் என்ற இளைஞர்தான் பிறகு கணிதமாக எழுதினார். ஆகவே பாரடேயைச் சாட்டிக் கணக்குப் பாடத்துக்கு மட்டம் போடாதீர்கள்!

மெழுகுவர்த்திப் பாடம்

இப்போது நம் கதையின் நடுவிடத்துக்கு வந்துவிட்டோம். ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-ஆம் ஆண்டு முதல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கென்று சொற்பொழிவுகள் நடந்துவருகின்றன. உலகப் போர்க்காலத்தில் 1939 முதல் 1942 வரை நின்றதைத் தவிர, தொடர்ந்து நடக்கின்றன. 1827-க்கும் 1860-க்கும் இடையில் பாரடே மட்டும் 19 முறை அந்தத் தொடரை நடத்தினார். இங்கிலாந்தின் இளவரசர்களும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

அவற்றில் எல்லாரும் கொண்டாடுவது மெழுகுவர்த்தியைப் பற்றிய ஆறு சொற்பொழிவுகள். 1848-இல் ஒருமுறை நடத்தினார். பிறகு 1860 முடிந்து 1861 பிறக்கும் விடுமுறையில் மறுபடியும் நடத்தினார். அவை 1861-இல் புத்தகமாக வந்தன. மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தி. அவ்வளவுதான் ஆரம்பம். அதிலிருந்து ஒவ்வொரு கேள்வியாக எடுத்தார்.

உருகிய மெழுகு கீழே அல்லவா இருக்கிறது, மேலே சுடருக்கு எப்படி ஏறுகிறது? துண்டின் ஒரு முனையைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டுவிட்டு மறுமுனையை வெளியே தொங்கவிட்டுப் பாருங்கள், தண்ணீர் ஏறி வந்து சொட்டும். திரியிலும் அதே கதைதான்.

எரிவது மெழுகா, வேறெதுவுமா? மெழுகுவர்த்தியை மெல்ல ஊதி அணையுங்கள். வெள்ளைப் புகை ஒன்று எழும்பும். உடனே எரியும் தீக்குச்சியைத் திரியில் படாமல், அந்தப் புகையில் காட்டுங்கள். நெருப்பு புகை வழியாகத் தாவிப்போய்த் திரியைப் பற்றும்! எரிவது மெழுகின் ஆவி என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? சுடரின் மஞ்சள் பகுதியில் ஒரு பழைய கரண்டியை நீட்டுங்கள். கரி பிடிக்கும். அந்தக் கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதால்தான் நமக்கு வெளிச்சம். குளிர்ந்த கரண்டியைச் சுடருக்குச் சற்று மேலே பிடியுங்கள். ஒரு நொடி ஆவி படியும். அது தண்ணீர். நெருப்பிலிருந்து தண்ணீர் வருகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பார்த்தால் நம்புவார்கள்.

கடைசியில் அவர் வந்து சேர்ந்த இடம்தான் அழகு. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து துளி சுண்ணாம்பை எடுத்துத் தண்ணீரில் கலக்கித் தெளியவிடுங்கள். தெளிந்ததை மட்டும் வடித்துக்கொள்ளுங்கள். எரியும் மெழுகுவர்த்தியிலிருந்து வரும் காற்று பட்டால் அந்தத் தண்ணீர் பால்போல் வெளுக்கும். இப்போது ஓர் உறிஞ்சுகுழலால் உங்கள் மூச்சை அதற்குள் மெதுவாக ஊதுங்கள். அதே மாதிரி வெளுக்கும்! அப்படியென்றால் மெழுகுவர்த்தி எரிவதும் நாம் உயிரோடிருப்பதும் ஒரே வகைக் காரியம். நாம் தின்ற சோறு உள்ளே மெல்ல எரிகிறது. நாம் வெளியே விடும் அந்தக் காற்றை மரம் செடிகள் எடுத்துக்கொள்கின்றன. (நெருப்பு, சுண்ணாம்பு இரண்டுக்கும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீரை ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது. கண்ணிலும் படக் கூடாது.)

ஆசிரியப் பெருமக்களே, அவர் முறையைப் பாருங்கள். முதலில் விதியைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை. முதலில் பொருள், அடுத்துக் கேள்வி, பிறகு கையால் செய்து பார்ப்பது, கடைசியில்தான் விதி. இப்படிப் பேசுவது அவருக்குப் பிறவியில் வந்ததும் இல்லை. பேச்சுக்கலை ஆசிரியரிடம் பாடம் கேட்டுப் பழகினார். செய்துகாட்டும் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே செய்து பார்த்துவிட்டுத்தான் மேடைக்கு வருவார்.

சுரங்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி

கேள்வி கேட்பது தொழிலாளியின் உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதையும் பாரடேயின் வாழ்க்கை காட்டுகிறது. 1844 செப்டம்பர் 28-ஆம் நாள் இங்கிலாந்தின் வடக்கே ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 95 பேர் மாண்டார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். தொழிலாளர் தரப்பு வழக்கறிஞர் பிரதமரிடம் போய் முறையிட்டதால், அரசாங்கம் பாரடேயையும் மண்ணியல் அறிஞர் லயலையும் அனுப்பிவைத்தது.

பாரடே விசாரணையில் உட்கார்ந்து சாட்சிகளைத் துருவித் துருவிக் கேட்டார். பிறகு சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார். உள்ளே காற்று எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, அதை எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டார். அங்கிருந்தவர் ஒரு சிட்டிகை வெடிமருந்தை மெழுகுவர்த்திச் சுடரில் தூவி, அந்தப் புகை நகர்வதைக் காட்டினார். மற்ற வெடிமருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார் பாரடே. பையில் கட்டி வைத்திருக்கிறோம் என்றார்கள். பை எங்கே? நீங்கள் உட்கார்ந்திருப்பதே அதன்மேல்தான் என்றார்கள்! பெரிய மனிதருக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று போட்டார்களாம். அவர் எழுந்த வேகத்தை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

சிரிப்பாக இருந்தாலும் இதற்குள் பெரிய துயரம் இருக்கிறது. தினமும் ஆபத்தோடு பழகியவர்களுக்கு ஆபத்தே கண்ணில் படாமல் போய்விடும். வாயு மட்டுமல்லாமல், காற்றில் மிதக்கும் கரித்தூளும் சேர்ந்து எரிந்துதான் வெடிப்பைப் பெரிதாக்கியது என்று பாரடேயும் லயலும் அறிக்கையில் எழுதினார்கள். சுரங்க முதலாளிகள் அவர்கள் சொன்ன வழிகளைச் செலவைக் காட்டித் தள்ளிவிட்டார்கள். கரித்தூளின் ஆபத்து பல ஆண்டுகள் போதிய கவனம் பெறவில்லை. வேலைத்தளத்தில் பூச்சிமருந்தோ இயந்திரமோ எதுவானாலும், இது என்ன, எப்படிக் கெடுதல் செய்யும் என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, நாளைக்குத் தன்னையும் தன்னோடு வேலை செய்கிறவர்களையும் காப்பாற்றும்.

நம்ம ஊர் மரத்துப் பால்

பாரடேக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உண்டு! தோட்டத்தில் விடியற்காலையில் மரம் சீவி மங்கில் பால் எடுத்தவர்களே, கேளுங்கள். 1824-இல் வாயுவை அடைத்துவைக்க இரண்டு ரப்பர்த் தகடுகளை ஒட்டி முதல் ரப்பர் பலூனைச் செய்தவர் பாரடேதான். 1826-இல் ரப்பர்ப் பாலைப் பிரித்து ஆராய்ந்து, சுத்தமான ரப்பர் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள் என்று காட்டினார். அப்போது மலாயாவில் ரப்பர்த் தோட்டமே கிடையாது. கன்றுகள் 1877-இல்தான் சிங்கப்பூருக்கு வந்தன.

ஆனால் இந்த மண்ணின் காட்டிலேயே இன்னொரு பால்மரம் இருந்தது. மலாய்க்காரர்கள் அதன் பிசினை கெத்தா பெர்ச்சா என்பார்கள். 1843-இல் சிங்கப்பூரிலிருந்து அது லண்டனுக்குப் போனது. மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்க அது மிக நல்ல பொருள் என்று 1848-இல் பாரடே எழுதினார். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு அதைத்தான் உறையாகப் போட்டார்கள்.

ஆவி மேசையைத் தள்ளியதா?

1853-இல் லண்டனில் ஒரு பைத்தியம் பிடித்தது. நாலுபேர் மேசைமேல் கைவைத்து உட்கார்ந்தால் ஆவி வந்து மேசையைத் திருப்பும் என்று நம்பினார்கள். பாரடே அவர்களைக் கேலி செய்யவில்லை. கைக்கும் மேசைக்கும் நடுவில் வழுக்கக்கூடிய அட்டைகளை வைத்தார். கையைத் தொட்டிருக்கும் மேல் அட்டை முதலில் நகர்ந்ததா, மேசையைத் தொட்டிருக்கும் கீழ் அட்டையா? மேல் அட்டைதான்! ஆள்கள் தங்களுக்கே தெரியாமல் தள்ளியிருக்கிறார்கள். கை நகர்வதைக் காட்டும் ஒரு சின்ன முள்ளைப் பொருத்தி, அவர்களே பார்க்கும்படி வைத்தார். மேசை நின்றுவிட்டது. அவர்கள் பொய்யர்கள் என்று அவர் சொல்லவில்லை. மனம் நம்மை எப்படி ஏமாற்றும் என்று காட்டினார்.

பள்ளிக்காகப் பேசியவர்

அந்தக் காலத்து இங்கிலாந்தின் பெரிய பள்ளிகளில் லத்தீனும் கிரேக்கமும்தான் படிப்பு. விஞ்ஞானம் இல்லை. 1862-இல் அதை விசாரித்த அரசாங்கக் குழுவின் முன், 71 வயதுப் பாரடே வந்து சாட்சி சொன்னார். விஞ்ஞானத்தைப் பள்ளியில் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும் என்றார். எளிமையாக விளக்கிப் பரிசோதனையும் செய்து காட்டினால், புரிந்துகொள்ளாத சிறுவனைத் தாம் கண்டதே இல்லை என்றும் சொன்னார். எத்தனையோ ஆண்டுகள் சிறுவர்கள் முன் நின்று பேசியவர் சொன்னது இது. அடுத்த முறை நம் பிள்ளைக்கு மண்டையில் ஏறாது என்று சொல்லுமுன், பெற்றோர்களே, இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பட்டமும் பதவியும் தேடி வந்தன. ராயல் சொசைட்டித் தலைவர் பதவியை வேண்டாமென்றார். சர் பட்டத்தையும் வேண்டாமென்றார். விக்டோரியா மகாராணி 1858-இல் ஹாம்டன் கோர்ட்டில் கொடுத்த வீட்டில், மனைவி சாராவோடு கடைசிக் காலத்தைக் கழித்தார். ஞாபக மறதி அவரை வெகுவாக வாட்டியது. 1867 ஆகஸ்டு 25-ஆம் நாள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அமைதியாக உயிர் நீத்தார். லண்டன் ஹைகேட் இடுகாட்டில் அவருடைய கல்லறை மிக எளிமையாக இருக்கிறது. பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும்தான் அதில் உண்டு.

மெழுகுவர்த்தி மட்டும் அணையவில்லை. ஜப்பான் நாட்டில் ஓர் ஆரம்பப்பள்ளி ஆசிரியை தம் மாணவன் ஒருவனை அந்த மெழுகுவர்த்திப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னார். அகிரா யோஷினோ என்ற அந்த மாணவர், நம் கைத்தொலைபேசியில் இருக்கும் லித்தியம் மின்கலத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 2019-இல் நோபல் பரிசு பெற்றபோது அந்த ஆசிரியையையும் அந்தப் புத்தகத்தையும் மறக்காமல் சொன்னார்.

இன்று பரிசு வாங்கும் செல்வங்களே, வாழ்த்துகள். வாங்காத செல்வங்களே, உங்களிடம்தான் அதிகம் பேச ஆசைப்படுகிறேன். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இன்று நீங்கள் பார்த்ததில் புரியாத ஒன்றைக் கேள்வியாக எழுதுங்கள். முதல் கேள்விக்கு 1 என்று எண் போடுங்கள். பாரடேயும் தம் நோட்டில் எண் போட்டுத்தான் எழுதிவந்தார்.

பெற்றோர்களே, நாளைக்குப் பிள்ளை ஏன் என்று கேட்டால் உங்களுக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கும் தெரியலப்பா, வா, ரெண்டுபேரும் செய்து பார்ப்போம் என்று சொல்லுங்கள். ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வையுங்கள். விஞ்ஞானக்கூடம் உங்கள் வீட்டுக் குசினியிலேயே திறந்துவிடும்.

வளர்க நம் பள்ளி! வாழ்க நம் பிள்ளைகள்!